மரபணுக்கள் மாறாதபோது சராசரி உயரம் மட்டும் எப்படி மாறுகிறது?

கேள்வி:
மனித உயரத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு மரபுவழி அமைவது என்று படித்திருக்கிறேன். ஆனால் 1896 முதல் 1996 வரை பிறந்தவர்களை நாடுவாரியாக ஒப்பிட்ட ஆய்வு, தென்கொரியப் பெண்களின் சராசரி உயரம் அந்த நூறாண்டில் சுமார் 20 செ.மீ. கூடியதாகக் காட்டுகிறது. நான்கைந்து தலைமுறைக்குள் மரபணுக்கள் அந்த அளவுக்கு மாறிவிட முடியாதே. இவ்விரண்டில் எது தவறு?

பதில் 1:
இரண்டும் சரியே. அந்த 80 விழுக்காடு, ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே மாதிரியான சூழலில் வளர்ந்தவர்களுக்கு இடையே காணப்படும் உயர வேறுபாட்டில் மரபுக்குள்ள பங்கைக் குறிக்கிறதே தவிர, ஒருவருடைய 170 செ.மீ. உயரத்தில் இத்தனை செ.மீ. பெற்றோர் தந்தது என்று பொருள்படாது. எல்லோருடைய உணவும் உடல்நலமும் ஒருசேர மேம்படும்போது, நெட்டையரும் குட்டையரும் தத்தம் இடத்திலேயே நிற்க, வரிசை முழுவதும் மேலே நகர்கிறது. கொரியாவே இதற்குச் சான்று: மரபால் ஒன்றான மக்கள் இரு நாடுகளாகப் பிரிந்தபின், தெற்கே வளர்ந்தவர்கள் வடக்கே வளர்ந்தவர்களைவிட உயரமாகிவிட்டார்கள்.

பதில் 2:
உணவோடு நோயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கணிப்பில் அதுதான் அதிகம் மறக்கப்படுவது. அடிக்கடி வயிற்றுப்போக்குக்கு ஆளாகும் குழந்தையின் குடல் உண்டதை முழுமையாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்சியதிலும் ஒரு பங்கு கிருமிகளை எதிர்ப்பதில் செலவாகிவிடுவதால், நீண்ட எலும்புகளின் முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகளுக்குப் போதிய ஊட்டம் சேர்வதில்லை. கருவில் தொடங்கி இரண்டு வயதுக்குள் இழந்த வளர்ச்சியைப் பின்னாளில் முழுவதும் ஈடுகட்டுவது அரிது. ஆகவே தூய குடிநீர், கழிவுநீர் வடிகால், தடுப்பூசி ஆகியவையும் உயரத்தைக் கூட்டுகின்றன. ஊட்டம் குறைந்து வளர்ந்த தாய்க்குச் சிறிய குழந்தை பிறக்கும் வாய்ப்பு மிகுதி என்பதால், சூழல் மேம்பட்ட பிறகும் முழுப் பயன் தெரிய இரண்டு மூன்று தலைமுறைகள் ஆகலாம்.

கேட்டவர்:
அப்படியென்றால் வசதி பெருகப் பெருக உயரமும் கூடிக்கொண்டே போகுமா?

பதில் 3:
போகாது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் வருமானம் உயர்ந்துகொண்டிருந்தபோதே, அக்காலத்தில் பிறந்த ஆண்களின் சராசரி உயரம் குறைந்தது. நகர நெரிசலும் தொற்றுநோய்களும் காரணமாகச் சொல்லப்படுகின்றன; வரலாற்றாய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். உலகிலேயே உயரமானவர்கள் எனப் பெயர்பெற்ற நெதர்லாந்திலும், 1980-இல் பிறந்த ஆண்களைவிட 2001-இல் பிறந்தவர்கள் சராசரியாக 1 செ.மீ. குறைவாக இருக்கிறார்கள். குடியேற்றம் இதில் ஒரு பகுதியை மட்டுமே விளக்குகிறது. பூர்வீகக் குடும்பத்து ஆண்களிடமும் உயரம் கூடுவது நின்றுவிட்டது.