ஆகஸ்ட் பிறந்ததும் அம்மாவின்ர மருந்துக்கு முழுக்காசு கேக்கினம், ஏன்?

ஸ்காபரோப் பெடியன்:
அம்மாவுக்கு மே மாதம் 65 முடிஞ்சுது. ஜூனில இருந்து ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர மருந்துத் திட்டம், ஓடிபி, தானாவே வந்திட்டுது. யூலையில ஒரு மருந்துக்கு 6.11 டொலர்தான் எடுத்தவை. இப்ப அதே பார்மசி, அதே பிரஷர், கொலஸ்ட்ரோல் குளிசை, முழு விலையும் எங்களிட்ட. கவுண்டரில நிண்டவர் "சிஸ்டம் அப்பிடித்தான் காட்டுது" எண்டதோட சரி. அம்மா குளிசையைப் பாதியா முறிச்சுப் போடப்போறன் எண்டு நிக்கிறா. அப்பா இல்லை, முதியோர் பென்சனைத் தவிர வேற வருமானமும் இல்லை. ஹெல்த் காட் காலாவதியாகேல்லை, பாத்திட்டன்.

மார்க்கம்வாசி:
முதல்ல அந்த முறிக்கிற வேலையை நிப்பாட்டுங்கோ தம்பி. ஹெல்த் காட்டில பிழை இல்லை. ஓடிபியின்ர வருசம் ஆகஸ்ட் 1 தொடங்கி யூலை 31இல முடியும். ஒவ்வொரு வருசமும் முதல் 100 டொலர் எங்கட கையால கட்டவேணும், பிறகுதான் மருந்துச் சீட்டு ஒண்டுக்கு 6.11 டொலர் வரை. அம்மா ஜூனில சேர்ந்தபடியா போன வருசத்துக்கு இரண்டு மாதக் கணக்கு மட்டும், 17 டொலருக்குக் கிட்ட. முதல் தரம் மருந்தெடுக்கேக்கையே அது கழிஞ்சிருக்கும், நீங்கள் கவனிச்சிருக்க மாட்டியள்.

மருந்தாளர் அக்கா:
மேலே சொன்னது சரி. ஆனால் உங்கள் அம்மா அந்த 100ஐயே கட்டத் தேவையில்லாதவராக இருக்கலாம். வருமானம் குறைந்த முதியோருக்கு கோ-பேமண்ட் திட்டம் என்று தனியாக ஒன்று உண்டு. அதில் 100 டொலர் கிடையாது, சீட்டுக்கு 2 டொலர் வரைதான். சில கடைகள் அதையும் வாங்குவதில்லை. தனியாளுக்கு ஒரு வருமான வரம்பு; துணை இருந்தால் இருவர் வருமானத்தையும் கூட்டிப் பார்ப்பார்கள். வரி மதிப்பீட்டுக் கடிதத்தில் 23600 என்ற இலக்கமுள்ள வரிசையில் இருக்கும் தொகையைப் பாருங்கள். வரம்பை இடையிடையே உயர்த்துகிறார்கள், முன்பு மறுக்கப்பட்டவர்களும் திரும்பப் போடலாம். வருமானமே இல்லாவிட்டாலும் வரித்தாக்கல் செய்யுங்கள், நம்மவர்கள் பலர் கோட்டைவிடுவது அதில்தான்.

ரசீதில் ஒவ்வொரு மருந்துக்கும் நேரே என்ன போட்டிருக்கிறது?

ஸ்காபரோப் பெடியன்:
மூண்டுக்கு டிடக்டிபிள், அதாவது அந்த முதல் 100இல கழியிற காசு எண்டு கிடக்கு. நாலாவது, யூலைக் கடைசியில ஆஸ்பத்திரியால வந்தாப்பிறகு இரத்தம் கட்டிபடாமல் குடுத்த புதுக் குளிசை. அதுக்கு ஓடிபி ஒரு சதமும் குடுக்கேல்லை. 100இலயும் அது கழியேல்லை. விலையும் அதுதான் கூட.

மருந்தாளர் அக்கா:
அப்படியென்றால் இது வேறு சிக்கல், 100 டொலர் கட்டி முடித்தாலும் தீராது. சில மருந்துகளை ஓடிபி "லிமிடெட் யூஸ்" என்று வைத்திருக்கிறது. இன்ன நோய்க்கு, இன்ன நிபந்தனையில் என்றால் மட்டும் காசு தரும். நோயாளி அதற்குள் வருகிறார் என்று காட்ட டொக்டர் சீட்டில் ஒரு குறியீட்டு எண் (கோட்) எழுத வேண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் இது அடிக்கடி விடுபடும். குடும்ப டொக்டர் அந்தக் கோட் எண்ணை பார்மசிக்குத் தொலைநகலில் (ஃபாக்ஸ்) அனுப்பினாலே போதும். அதுவரை இந்தக் குளிசையை ஒருநாளும் நிறுத்தக் கூடாது. பட்டியலிலேயே இல்லாத மருந்தென்றால் வழி வேறு, டொக்டர்தான் விசேட அனுமதிக்கு எழுத வேண்டும்.

வன்னியாள்:
இடையில ஒண்டு கேக்கிறன். அண்ணைக்கு 48, பக்கவாதம் வந்து வேலை இல்லை. அண்ணி உழைக்கிறபடியா ஓடிஎஸ்பி, அதுதான் ஏலாத ஆக்களுக்கு ஒன்ராறியோ அரசாங்கம் குடுக்கிற உதவிக்காசு, மறுத்திட்டினம், மருந்துக் காசு தாங்கேலாமல் கிடக்கு.

மார்க்கம்வாசி:
ஓடிஎஸ்பி கிடைச்சிருந்தா மருந்தும் அதோடயே வந்திருக்கும். இல்லாட்டி ட்ரில்லியம் எண்டு அரசாங்கத்தின்ர இன்னொரு மருந்துத் திட்டம் இருக்கு. வயது பாக்கிறேல்லை. குடும்பத்தின்ர நிகர வருமானத்தில சுமார் 4 வீதத்தை நீங்கள் கட்டவேணும், அதை நாலு காலாண்டாப் பிரிப்பினம். அந்தக் காலாண்டுப் பங்கு முடிஞ்சா மிச்சத்துக்கு மருந்துக்கு 2 டொலர் வரைதான். அண்ணிக்கு வேலையில இன்சூரன்ஸ் இருந்தா முதல்ல அதில கேக்கவேணும். ரசீது ஒண்டையும் எறியாதேங்கோ.

நயாகராக்காரி:
மாமிக்கு 70, சூப்பர் விசாவில, பிள்ளையளைப் பாக்க வாற பெற்றோருக்குக் குடுக்கிற நீண்டகால விசாவில நிக்கிறா. அவவுக்கும் உண்டோ?

மார்க்கம்வாசி:
இல்லைப் பிள்ளை. ஓஹிப், ஒன்ராறியோவின்ர மருத்துவக் காப்புறுதி, இல்லாமல் ஓடிபி இல்லை.

ஸ்காபரோப் பெடியன்:
குடும்ப டொக்டரின்ர கிளினிக் அந்தக் கோட் எண்ணை அனுப்பீட்டுது. பார்மசியில திரும்ப ஓட்டிப் பாத்தவை, இப்ப அந்தக் குளிசையும் 100இல கழியுது. கோ-பேமண்ட் படிவத்தில அம்மா கையெழுத்து வைச்சிட்டா, நாளைக்குத் தபாலில போகுது. நன்றி அக்கா, அண்ணை.