விண்டோஸில் ஓடும் பில் மேக்ரோ, மேக்கிலும் உபுண்டுவிலும் படுத்துவிடுகிறது

மஞ்சள்மண்டி_கணக்கு:
வணக்கம். ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் எக்செல்லில் மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு புரோகிராம்) போட்டு ஒரு ஃபைல் செய்து வைத்துவிட்டுப் போனார். மூட்டை, எடை, விலை போட்டு ‘பில்’ பொத்தானை அமுக்கினால், ஏற்றுக்கூலி, சாக்குக் காசு எல்லாம் கழித்து விவசாயி பெயரில் தனி ஃபைலாகச் சேமித்துவிடும். விண்டோஸ் 7 காலத்திலிருந்து ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை.

இப்போது முதலாளி மேக்புக் வாங்கியிருக்கிறார். அதில் அமுக்கினால் ரன்டைம் எரர் 429. முன்மேசைக் கம்ப்யூட்டருக்கு அவர் மருமகன் விண்டோஸுக்குப் பதில் உபுண்டுவும், எக்செல்லுக்குப் பதில் லிப்ரெஆபீஸும் போட்டுக் கொடுத்தார். அங்கே பொத்தான் அமுங்குகிறது, ஒன்றும் நடப்பதில்லை. நான் பி.காம். புரோகிராம் தெரியாது, ஆனால் எந்த வரி என்று சொன்னால் மாற்றிவிடுவேன்.

கடித்த_ஆப்பிள்:
கோடில் ‘கிரியேட்ஆப்ஜெக்ட்’ என்று தேடுங்கள். பக்கத்தில் ‘ஸ்கிரிப்டிங்.டிக்‌ஷனரி’ இருந்தால் அதுதான் ஆள். அது எக்செல்லோடு வருவது இல்லை, விண்டோஸோடு வருவது. மேக்கில் அந்தச் சாமானே கிடையாது. அதற்குப் பதில், விபிஏவிலேயே (எக்செல் மேக்ரோ எழுதும் மொழி) உள்ள ‘கலெக்‌ஷன்’ உங்கள் வேலைக்குப் போதும். அப்புறம், டி டிரைவ் என்று பாதை எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள், மேக்கில் டிரைவ் எழுத்து இல்லை. ‘திஸ்ஒர்க்புக்.பாத்’, அதையடுத்து ‘அப்ளிகேஷன்.பாத்செபரேட்டர்’ போடுங்கள். ஃபோல்டருக்கு அனுமதி கேட்டால் கொடுங்கள்.

நீங்கள் கொடுத்து வைத்தவர். மேக் ஆபீஸ் 2008-இல் விபிஏவையே தூக்கிவிட்டார்கள், 2011-இல்தான் திரும்ப வந்தது. இடையில் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

பென்குயின்_மாமா:
உபுண்டு பக்கம் நான் சொல்கிறேன். ஃபைலைத் திறந்ததும் மேக்ரோ முடக்கப்பட்டது என்று ஒரு எச்சரிக்கை வந்திருக்கும், யாரோ படிக்காமல் மூடியிருப்பார்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், செக்யூரிட்டி போய், மேக்ரோ செக்யூரிட்டியில் அந்த ஃபோல்டரை மட்டும் நம்பகமான இடமாகச் சேருங்கள். ‘லோ’ என்று மாற்றிவிடாதீர்கள், வந்த மெயிலில் இருக்கும் மேக்ரோவெல்லாம் ஓடும். அதே ஆப்ஷன்ஸில், லோடு/சேவ் பகுதியின் விபிஏ ப்ராப்பர்ட்டீஸில், எக்செல்லுக்கு ‘எக்ஸிக்யூட்டபிள் கோட்’ டிக் இருக்கிறதா பாருங்கள்.

முக்கியமானது இது: லிப்ரெஆபீஸில் கோடைத் திருத்திவிட்டு எக்செல் ஃபைலாகவே சேமித்தால் திருத்தம் போய்விடும், பழைய கோடுதான் உள்ளே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதில் தொலைத்தவன் நான். திருத்தத்தை எக்செல்லில் செய்யுங்கள், இல்லையென்றால் லிப்ரெஆபீஸின் சொந்த வடிவமான ஓடிஎஸ் ஆகச் சேமியுங்கள்.

மஞ்சள்மண்டி_கணக்கு:
இரண்டிலும் பில் வந்துவிட்டது! மெத்த நன்றிங்க. ஒன்றே ஒன்று. பழைய விண்டோஸ் கம்ப்யூட்டரில் கோடுக்குள் ‘ரொக்கம்’ என்று தமிழில் அடித்தேன், வெறும் கேள்விக்குறியாக நிற்கிறது.

கடித்த_ஆப்பிள்:
அது உங்கள் தப்பு இல்லை. விபிஏ எடிட்டர், எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு முறையை அறியாத பழைய பெட்டி. தமிழை ஒரு ஷீட்டின் செல்லில் எழுதி வைத்து, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ஷீட்டை மறைத்துவிடலாம்.

மஞ்சள்மண்டி_கணக்கு:
ஆச்சு. இப்போது முதலாளி ஐபேடிலும் பொத்தான் வேண்டும் என்கிறார்.

பென்குயின்_மாமா:
ஐபேட் எக்செல்லில் விபிஏ ஓடாது. மருமகன் காதில் விழுவதற்குள் சொல்லிவிடுங்கள்.