மொரீஷியஸ் கோவில் தமிழ் வகுப்பு: டீச்சர், பெற்றோர் வாட்ஸ்அப் குழு

ரோஸ் ஹில் டீச்சர்: வணக்கம். பிள்ளைங்க பண்ற டிஜிட்டல் கதை, அதாவது நம்ம முன்னோர் இங்க வந்ததைப் படமும் குரலுமாச் சொல்ற வீடியோ, 2 நிமிஷம்தான். பேச்சு 130 சொல்லைத் தாண்ட வேண்டாம். படம் பத்து, பன்னிரண்டு போதும்.

கியூர்பிப் அக்கா: நெட்ல 250 சொல்னு போட்டிருக்கே டீச்சர்?

ரோஸ் ஹில் டீச்சர்: அது இங்கிலீஷ் கணக்கு அக்கா. தமிழ்ல நம்ம பிள்ளைங்களுக்கு நிமிஷத்துக்கு 65, 70 சொல்தான் ஓடும். 250 எழுதினா கடகடன்னு ஒப்பிச்சிடுவாங்க.

போர்ட் லூயிஸ் அண்ணி: எங்க பையன் கிரியோல்ல (இங்க எல்லாரும் பேசற மொழி) யோசிச்சு தமிழ்ல எழுதறான், ஒரு வரி நகரல 😩

ரோஸ் ஹில் டீச்சர்: எழுத விடாதீங்க அண்ணி, முதல்ல சொல்ல விடுங்க. ஆப்ரவாசி காட் (ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கின போர்ட் லூயிஸ் துறை) படிக்கட்டுப் படத்தைக் கையில குடுத்து வாய்ஸ் நோட் எடுங்க. கிரியோல் கலந்தாலும் பரவாயில்ல, அப்புறம் அதைக் கேட்டு எழுதட்டும். வருஷத்தை அடுக்கினா பரீட்சை விடை மாதிரி ஆயிடும். அந்த 16 படியில ஏறுற ஒருத்தர் மூட்டையில என்ன இருக்கு? அந்த ஒரு கேள்வி போதும்.

கியூர்பிப் அக்கா: எங்க பொண்ணு 'அட்லஸ்' கப்பல்ல தமிழர் வந்தாங்கன்னு எழுதியிருக்கா.

ரோஸ் ஹில் டீச்சர்: மாத்தச் சொல்லுங்க. அட்லஸ் 1834 நவம்பர் 2ல கல்கத்தாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோட வந்தது. தமிழ்க் கைவினைஞர்கள் அதுக்கு ரொம்ப முன்னாலயே, பிரெஞ்சுக்காரர் காலத்துல, புதுச்சேரியிலிருந்து வந்துட்டாங்க. ஒப்பந்தக் கூலியா வந்தவங்க கதைன்னா மதராஸ்ல கப்பல் ஏறட்டும்.

வாக்வா அண்ணன்: ரெக்கார்டிங் பத்தி நான் சொல்றேன். குரல் முதல்ல, படம் பிறகு. படத்தை முன்னாலயே ஓடவிட்டா, அது மாறறதுக்குள்ள முடிக்கணும்னு பிள்ளை அவசரப்படும். ஒரு படத்துக்கு ஒரு ஃபைல் எடுங்க, தப்பினா அதை மட்டும் திரும்ப எடுக்கலாம். பேர் 01, 02ன்னு வைங்க; வெறும் 1, 2ன்னு வச்சா சில ஆப்ல 10 போய் 1க்குப் பக்கத்துல உக்காந்துக்கும். போன் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல. நேரா பிடிச்சா 'ப' வர்ற இடமெல்லாம் புஸ்ஸுன்னு காத்து அடிக்கும். ஃபேனை நிறுத்துங்க, ஏரோப்ளேன் மோடு போடுங்க. ஹால் எதிரொலிக்கும், துணி அலமாரியைத் திறந்துவச்சு அது முன்னால நிக்க வைங்க.

போர்ட் லூயிஸ் அண்ணி: பின்னணிப் பாட்டு?

வாக்வா அண்ணன்: இல்லாமலே நல்லாருக்கும். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், யூடியூப்ல ஏத்தினா காப்பிரைட் வரும்.

கியூர்பிப் அக்கா: தலைப்புல 'கொ' உடைஞ்சு கொம்பு தனியா நிக்குது அண்ணா.

வாக்வா அண்ணன்: சில எடிட்டிங் ஆப்புக்குத் தமிழ் எழுத்தைச் சேர்க்கத் தெரியாது. கூகுள் ஸ்லைட்ஸ்ல அடிச்சு, படமா சேவ் பண்ணி உள்ளே போடுங்க. பிள்ளைங்க வரைஞ்சதைப் போட்டோ எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், கிரேயான் பளபளக்கும். ஜன்னல் பக்கம் வச்சு, போனைப் படுக்கையாப் பிடிச்சு எடுங்க. இங்க அனுப்பும்போது டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்லேன்னா வாட்ஸ்அப் சுருக்கிடும்.

போர்ட் லூயிஸ் அண்ணி: காவடியில எடுத்த போட்டோ இருக்கு, போடலாமா?

ரோஸ் ஹில் டீச்சர்: உங்க வீட்டுப் பிள்ளைன்னா தாராளமா. வேற பிள்ளை முகம் தெரிஞ்சா அவங்க அப்பா அம்மா எழுதிக் குடுக்கணும் அண்ணி.

போர்ட் லூயிஸ் அண்ணி: பின்னால நாலு பேர் நிக்கறாங்க. வரையவே சொல்லிடறேன் 😄