ஒன்பது மணிக் கேற்றும் ஜோன் ஸ்டுவர்ட் மில்லும்

கடலோரம்06:
என் தங்கச்சிக்கு வயது 27, வங்கியில் வேலை. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸில் (வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதியில்) வாடகைக்கு இருக்கிறாள். இரவு ஒன்பதுக்குக் கேற் பூட்டிவிடுவார்கள். போன வாரம் மழையில் காலி வீதி நெரிசலுக்குள் மாட்டி, வந்து சேர ஒன்பதே கால். அடுத்த நாள் காலையிலேயே வீட்டுக்கார அன்ரி யாழ்ப்பாணத்துக்குக் கோல் எடுத்து, "பிள்ளையைக் கொஞ்சம் கவனியுங்கோ" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். பல அரசியல் அடக்குமுறைகளைவிடச் சமூகத்தின் கொடுங்கோன்மை பொல்லாதது, அது வாழ்க்கையின் மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து மனசையே அடிமையாக்கும் என்று ஆங்கிலேயத் தத்துவவாதி மில் 1859இல் 'ஒன் லிபர்ட்டி' (சுதந்திரம் பற்றி) என்ற நூலில் எழுதியது இதைத்தான். மற்றவர்களுக்குக் கேடு வந்தால்தான் ஒருவரைத் தடுக்கலாம் என்பது அவர் கணக்கு. அவள் பிந்தி வந்ததால் யாருக்கு என்ன கேடு?

பழைய_வாத்தியார்:
தம்பி, மில்லை அரைவாசி வாசித்தால் இப்படித்தான். ஒருவருடைய போக்குப் பிடிக்காவிட்டால் விலகியிருக்கவும், மற்றவர்களை எச்சரிக்கவும் நமக்கு உரிமை உண்டு என்று அதே நூலில் சொல்கிறார். அன்ரியும் ஒரு தனிமனிசிதானே? கேற்றும் அவருடையது. அந்தப் பிள்ளை விதி தெரிந்துதானே குடிவந்தது?

கடலோரம்06:
விலகலாம் சேர், ஆனால் விலகுவதை ஊருக்குக் காட்டிக்கொண்டு திரியக் கூடாது என்றும் அடைப்புக்குறிக்குள் ஒரு வரி வைத்திருக்கிறார், பாருங்கள். அப்புறம் இன்னொன்று. மேல்மாடியில் இருக்கிற பெடியன் பதினொன்றுக்கு வருகிறான். அவனிடம் திறப்பு இருக்கிறது.

மட்டக்குளி_மச்சான்:
எனக்கு அந்த ஆளிலேயே நம்பிக்கை இல்லை. 1823இலிருந்து 1858 வரை கிழக்கிந்தியக் கம்பனியில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்து சுதந்திரம் எழுதுகிறார். அதிலும் தொடக்கத்திலேயே ஒரு விலக்கு: சிறுபிள்ளைகளுக்கும் பின்தங்கிய சமூகங்களுக்கும் இந்தச் சுதந்திரம் பொருந்தாதாம். அவர்களை முன்னேற்றத்தான் என்றால் கொடுங்கோலாட்சியும் சரியாம். எங்களைத்தான் சொல்கிறார், வேறு யாரை? அன்ரியின் கதையும் அதுதானே. உனக்கு இன்னும் பக்குவம் வரவில்லை பிள்ளை, உன் நன்மைக்குத்தான் பூட்டுகிறேன்!

பழைய_வாத்தியார்:
இது நல்ல அடி. ஆனாலும் அவரைக் குப்பையில் போட மாட்டேன். பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்று 1867இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்தவர். 73 பேர்தான் ஆதரித்தார்கள், தோற்றது. அந்த நாளில் எழும்பி நின்று கேட்டதே பெரிய விஷயம்.

செவ்வந்தி:
எல்லோரும் ஆண்களாக நின்று அடிபடுகிறீர்கள் போல. சரி, நானும் ஒன்று கேட்கிறேன். இலங்கையில் மதுக்கடைகளில் பெண்களுக்கு விற்கக் கூடாதென்று 1979இல் ஒரு விதி வந்தது. 2018 ஜனவரியில் நிதி அமைச்சு நீக்கியது. சில நாட்களில் ஜனாதிபதி தலையிட்டு, நீக்கியதைத் திரும்பப் பெறச் சொன்னார். நான் பியர்கூடத் தொட்டதில்லை, அது வேறு. ஆண் வாங்கினால் வராத கேடு பெண் வாங்கினால் எங்கிருந்து வருகிறது?

பழைய_வாத்தியார்:
குடியால் குடும்பம் கெடுவது கேடில்லையா பிள்ளை?

செவ்வந்தி:
கெடுகிறது சேர். எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீடு. இரண்டிலும் குடிக்கிறது அப்பாமார். குடித்ததற்காக மட்டும் யாரையும் தண்டிக்கக் கூடாது, கடமையில் நிற்கிற பொலிஸ்காரர் குடித்தால் தண்டிக்கலாம் என்பதுதான் மில்லின் கணக்கு. அவர் பார்ப்பது யாருக்கு என்ன கடமை என்று. சேலையா சாரமா என்று இல்லை.

மட்டக்குளி_மச்சான்:
அதை ஒத்துக்கொள்கிறேன். கம்பனிக்காரரை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

செவ்வந்தி:
@கடலோரம்06, இவ்வளவு கதைத்தோம். தங்கச்சி என்ன சொல்கிறாள்?

கடலோரம்06:
இப்போதுதான் லிங்க் அனுப்பினேன். உடனே கோல் எடுத்தாள். வெள்ளவத்தை என்று போட்டதை முதலில் அழிக்கட்டாம், அன்ரியின் மகனும் இங்கே வாசிக்கிறவராம்.