கனோராப் பக்கத்துப் பனிக்காலம்: பிரெய்ரி ஊர்களில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கனடாக் குளிர் என்றால் நம்மவர்கள் டொரன்டோவைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். பிரெய்ரிச் சமவெளியின் சின்ன ஊர்களில் டிசம்பரும் ஜனவரியும் எப்படிப் போகும் என்று எழுத ஆளில்லை. எனக்கு இது ஐந்தாவது பனிக்காலம். நானே தொடங்கி வைக்கிறேன்.

நாங்கள் இருப்பது சஸ்காட்செவன் மாகாணத்தில், கனோராவுக்குப் பக்கத்தில். யார்க்டனிலிருந்து வடக்கே சுமார் 50 கிலோமீட்டர். கனேடியன் நார்தர்ன் ரயில்வே என்பதை ஆங்கிலத்தில் எழுதி, ஒவ்வொரு சொல்லிலும் முதல் இரண்டு எழுத்தை எடுத்துக் கோத்தால் வருவதுதான் இந்த ஊர்ப் பெயர். ஊருக்குள் நுழையும்போதே 25 அடி உயரத்தில் ஒரு உக்ரைனியப் பெண் சிலை, கையில் ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்கும். நூறு வருஷத்துக்கும் முன்னால் காட்டைத் திருத்திக் கோதுமை போட வந்தவர்களின் பேரன் பேத்திகள்தான் இன்றும் இங்கே பல பண்ணைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

டிசம்பரில் காலை ஒன்பது மணி வாக்கில்தான் சூரியன் எட்டிப் பார்க்கும். சாயங்காலம் ஐந்துக்கெல்லாம் இருட்டு. மைனஸ் 30-க்குக் கீழே போனால் மூக்குக்குள் இருக்கும் ஈரம் உறைந்து சுருக்கென்று குத்தும். நடந்தால் காலடிப் பனி, தெர்மாகோலைத் தேய்ப்பதுபோல் கிறீச்சிடும். சில காலைகளில் சூரியனுக்கு இரண்டு பக்கமும் இரண்டு குட்டிச் சூரியன்கள் நிற்கும். காற்றில் மிதக்கும் பனித்துகள்களில் வெளிச்சம் திரும்புவதால் வருவது அது. ஊர்க்காரர்கள் சன் டாக் என்பார்கள். அதைப் பார்த்தாலே இன்று கடுங்குளிர் என்று எனக்கு இப்போது தெரியும்.

முதல் வருஷம் ஒன்றும் தெரியாது. நான் முதியோர் இல்லத்தில் செவிலியர். காலை ஷிப்டுக்கு ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பினால் காரிலிருந்து ஒரு முனகல்தான் வந்தது. இங்கே கார்களின் முகப்பிலிருந்து ஒரு பிளக் வயர் தொங்கும். ராத்திரியே அதை வீட்டு மின்சாரத்தில் சொருகிவிட்டால், பிளாக் ஹீட்டர் எஞ்சினைக் கதகதப்பாக வைத்திருக்கும். நான் சொருகவில்லை. அரை மைல் தள்ளிப் பக்கத்துப் பண்ணை. தயங்கித் தயங்கி ஃபோன் செய்தேன். பத்தே நிமிஷத்தில் அந்த வீட்டுப் பெரியவர் பிக்கப் வண்டியில் வந்து, கேபிள் போட்டுக் கிளப்பிக் கொடுத்தார். வேலை முடிந்து திரும்பினால் வாசலில் ஆரஞ்சு நிற எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்று, டைமர் ஒன்று, அப்புறம் ஒரு பழைய ஐஸ்கிரீம் வாளி. வாளிக்குள் மூன்று டஜன் பெரோகி, அதாவது கிழங்கு வைத்து மடித்த உக்ரைனியக் கொழுக்கட்டை, கல்லாக உறைந்து கிடந்தது.

உக்ரைனியர் வீட்டில் பாட்டி என்றால் பாபா, தாத்தா என்றால் கீதோ. அந்தப் பெரியவரையும் அவர் மனைவியையும் ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. நானும் அப்படியே.

வாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்க மனசு வருமா? முறுக்கு சுட்டு நிரப்பிக் கொண்டுபோனேன். பாபா ஒரு முறுக்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைக் கையால் சுற்றினாயா? அப்படியானால் வியாழக்கிழமை சர்ச்சுக்கு வா” என்றார்.

சர்ச்சின் கீழ்த்தளத்தில் நீள மேசைகள். எழுபது, எண்பது வயதுப் பெண்கள் இருபது பேர் இருப்பார்கள். ஒருவர் மாவு தேய்க்க, ஒருவர் வட்டமாக வெட்ட, மற்றவர்கள் மசித்த உருளைக்கிழங்கை உள்ளே வைத்து மடித்து விளிம்பைக் கிள்ளி மூடுகிறார்கள். எனக்கு அது சோமாசி, கொழுக்கட்டை மாதிரிதானே என்ற தைரியம். என் முதல் தட்டைப் பாபா அப்படியே என் பக்கம் தள்ளிவிட்டார். விளிம்பில் கிழங்கு துளி பட்டாலும், உலர்ந்த மாவு கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அந்த இடம் சேராது. கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் வாயைத் திறந்துவிடும். என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பிடித்து, துணியில் துடைத்துவிட்டு, விளிம்பை முதலில் தட்டையாக அழுத்தி, பிறகு அதன் மேலேயே இன்னொரு தடவை கிள்ளக் காட்டினார். இரண்டு கிள்ளு. இரண்டாவது கிள்ளில் மாவு நூல்போல் மெலியும்போது விரலுக்கே தெரிகிறது, இனி திறக்காது என்று. அன்று எத்தனை டஜன் பிடித்தோம் என்று நான் எண்ணவில்லை. அடுக்க அடுக்கத் தட்டுகள் தீர்ந்துபோய், வீட்டுக்கு ஓடிப் போய் எடுத்து வந்தார்கள். பாதி விற்பனைக்கு, சர்ச் செலவுக்காக. மீதி, இந்த வருஷம் மேசைக்கு வந்து நிற்க முடியாமல் போனவர்களுக்கு. அந்தப் பட்டியலில் எங்கள் முதியோர் இல்லத்தில் இருக்கும் மூன்று பேரின் பெயரும் இருந்தது. பெரோகி அவர்கள் தட்டுக்கு வந்தபோது ஒரு பாட்டி சாப்பிடுவதற்கு முன் விளிம்பைத் தடவிப் பார்த்ததை நான் மறக்கவே மாட்டேன்.

இங்கே பண்டிகைக்கு நவம்பரிலிருந்தே டீப் ஃப்ரீசர் நிறையத் தொடங்கும். ஷார்ட்பிரெட், பேரீச்சம்பழச் சதுரங்கள், பஃப்டு வீட் கேக். யார் எப்போது வந்தாலும் தட்டில் எடுத்து வைக்க. ‘வந்தாலும்’ என்று சொல்கிறேன், ஆனால் வருவார்கள் என்று நம்பித்தான் செய்கிறார்கள்.

பாபா வீட்டில் பெரிய நாள் ஜனவரி 6. பழைய ஜூலியன் நாள்காட்டிப்படி அதுதான் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி. 2023-இல் உக்ரைன் நாடே டிசம்பர் 25-க்கு மாறிய பிறகு அவருடைய பேரப்பிள்ளைகள் சிலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். பாபா இரண்டையும் கொண்டாடுகிறார். முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பாடு. குழந்தைகள் ஜன்னலில் மூக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூலையில் கோதுமைக் கதிர்க்கட்டு. மேசை விரிப்புக்கு அடியில் வைக்கோல். இறைச்சியும் பாலும் சேர்க்காத பன்னிரண்டு வகை. ஆளில்லாத ஒரு தட்டும் உண்டு, இறந்துபோனவர்களுக்காக.

முதலில் வந்தது குத்யா. ராத்திரி முழுக்க ஊறவைத்த கோதுமையை மணிக்கணக்கில் வேகவைத்து, தேனும் அரைத்த கசகசாவும் கலந்தது. கீதோ எழுந்து ஒரு கரண்டி அள்ளிக் கூரையைப் பார்த்து வீசினார். ஒட்டிக்கொண்டால் அந்த வருஷம் விளைச்சல் நன்றாக இருக்குமாம். ஒட்டியது. பக்கத்தில் போன வருஷத்துக் கறையும் அதற்கு முந்தின வருஷத்துக் கறையும் மங்கலாகத் தெரிந்தன.

உங்கள் ஊர்களில் எப்படி?

மூஸ் ஜாவிலிருந்து

எங்கள் ஊரில் டிசம்பர் என்றால் விளக்கு ரயில்தான். சிபிகேசி ரயில்வே 1999-லிருந்து நடத்துகிறது. ரயில் முழுக்க வண்ண விளக்கு. நின்றதும் ஒரு பெட்டியின் பக்கச் சுவர் திறந்து மேடையாகிவிடும், பாட்டுக் கச்சேரி நடக்கும். டிக்கெட் கிடையாது. வருகிறவர்கள் ஊர் உணவு வங்கிக்கு டின் உணவோ பணமோ கொடுப்பார்கள். என் பையன் தன் பள்ளிப் பையில் நாலு சூப் டின்னைத் தானே எடுத்து வைத்துக்கொண்டு வந்தான்.

அப்புறம் மாண்டரின் ஆரஞ்சு. அந்தக் காலத்தில் ஜப்பானிலிருந்து வான்கூவருக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ரயிலில் இந்தச் சமவெளி முழுக்கப் போகுமாம். பச்சைத் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றியிருக்கும். “குளிர்காலத்தில் வேறு பழமே கண்ணில் படாது. அந்தத் தாளைக்கூட நாங்கள் எறிய மாட்டோம்” என்று என் வீட்டு உரிமையாளர் அம்மா சொன்னார். இப்போதும் டிசம்பர் முதல் வாரம் எங்கள் கதவில் ஒரு பெட்டி வைத்துவிட்டுப் போகிறார்.

வினிபெக்கிலிருந்து

நான் யாழ்ப்பாணத்தான், லொறி ஓட்டுகிறேன். பனி விழும்போது பயமில்லை. விழுந்து கிடக்கிற பனியைக் காற்று வயலிலிருந்து கிளப்பும்போதுதான் ஆபத்து. மேலே நட்சத்திரம் தெரியும், முன்னால் உங்களுடைய சொந்த வெளிச்சத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருக்க, 16-ஆம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். ஒரு சின்ன ஊரில் பதினொரு வாகனம் நின்றுவிட்டோம். அந்தச் சனம் கர்லிங் விளையாடுகிற மண்டபத்தைத் திறந்து கணப்பைப் போட்டது. ஒரு மணித்தியாலத்துக்குள் சூப் வந்தது, போர்வை வந்தது, தங்கள் கிறிஸ்துமஸுக்குச் செய்து வைத்திருந்த இனிப்புத் தட்டுகளும் வந்தன. “இது உங்களுடைய பண்டிகைக்கு அல்லவா?” என்று கேட்டேன். “ஆட்கள் வந்தால் பண்டிகைதானே” என்றார் ஒரு ஐயா. விடிய விடியக் கதைத்துக்கொண்டிருந்தோம்.

அன்றிலிருந்து என் வண்டியில் மெழுகுதிரி, வெறும் கோப்பி டின், தீப்பெட்டி, போர்வை, மண்வெட்டி எப்போதும் இருக்கும். டின்னுக்குள் மெழுகுதிரி ஏற்றினால் சிக்கிக்கொண்ட நேரத்தில் உதவும், ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். இதை வாசிக்கிற ஆட்கள் இன்றைக்கே எடுத்து வையுங்கள்.

கனோரா அக்கா, ஒரு கேள்வி. குத்யா சாப்பிட்டு எட்டாம் நாள் எங்கள் பொங்கல். பாபாவுக்குக் கொடுத்தீர்களா?

கனோராவிலிருந்து

கொடுக்காமலா, தம்பி!

அன்று கிளம்பும்போது பாபா ஒரு பை கோதுமை கொடுத்தார், கீதோவின் சொந்த வயலில் விளைந்தது. ஜனவரி 14 காலையில் அதையே பொங்கல் வைத்தேன். பச்சரிசி கொஞ்சம், மீதி கோதுமை, சஸ்காட்டூனிலிருந்து வாங்கி வந்த வெல்லம். இருவரையும் வரச் சொல்லியிருந்தேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்ததும் பாபா அணைக்க ஓடி வந்தார். “வழிய வேண்டும், அதற்காகத்தான் வைப்பது” என்றேன். ஒரு நிமிஷம் பானையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் சாப்பிட உட்கார்ந்து, வாயில் போட்டு, “கசகசா எங்கே?” என்றார். எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால் கிள்ளித் தன் கிண்ணத்தில் தூவிக்கொண்டார்.

கீதோ பேசவில்லை. கரண்டி நிறைய எடுத்து வைத்துக்கொண்டு எங்கள் கூரையை அண்ணாந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாடகை வீடு. “வீசுங்கள்” என்றேன்.

ஒட்டிக்கொண்டது. இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.