முன் இடது சக்கரத்தில் மட்டும் பிரேக் பேட் தேய்கிறது: காலிப்பரை மாற்றியே ஆகவேண்டுமா?

மண்ரோடு:
என்னுடையது 20 வயது தாண்டிய பிக்கப். முன்னால் டிஸ்க், ஒற்றை பிஸ்டன் காலிப்பர் (பேடுகளை டிஸ்கின் மேல் அழுத்தும் பாகம்), பின்னால் டிரம். நான்கு பேடும் ஒரே நாளில் புதிதாகப் போட்டவைதான். இப்போது கழற்றிப் பார்த்தால் வலது பக்கம் இரண்டும் 8 மி.மீ. இருக்கின்றன. இடது பக்கம் உள் பேட் 2, வெளி பேட் 3. கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தினால் இடது சக்கரத்தில் அனல் அடிக்கிறது, வலது வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. காலிப்பரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஏன் என்று கேட்டால் "பழைய வண்டி சார்" என்கிறார். அது ஒரு காரணமா? இன்னொன்று: பின் டிரம்மில் இரண்டு பக்கமும் முன் ஷூ (டிரம்மை உள்ளிருந்து அழுத்தி உரசும் பாகம்), பின் ஷூவைவிட அதிகம் தேய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா?

ஹெட்லைட்:
ஸ்லைடு பின் (காலிப்பர் பக்கவாட்டில் நகர்வதற்கான ஊசி) ஜாம் ஆகியிருக்கும். கழற்றித் துடைத்து கிரீஸ் போடுங்கள், வேலை முடிந்தது.

பழைய ஸ்பேனர்:
முடியாது தம்பி. ஸ்லைடு பின் ஜாம் ஆனால் காலிப்பர் நகராது. பிஸ்டன் தள்ளுகிற உள் பேட் கரைந்துபோகும், வெளி பேட் பெரும்பாலும் தப்பித்துவிடும். இரண்டு பின்னில் ஒன்று மட்டும் மாட்டினால் பேட் சாய்வாகத் தேயும். இவருக்கு 2, 3 என்று இரண்டுமே கரைந்திருக்கின்றன. காலிப்பர் நகர்கிறது, ஆனால் பிடி விடவில்லை என்று அர்த்தம். இடது பக்கம் சூடாகாமல் இருந்திருந்தால் நான் வலது பக்கத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன். அந்தப் பக்கம் சோம்பேறியாக இருந்தால் இந்தப் பக்கம் இரண்டு பங்கு உழைக்கும். இவ்வளவு அனல் இருப்பதால் அதற்கு வாய்ப்பு குறைவு.

மண்ரோடு, மிச்சம் இரண்டு பேர்தான்: பிஸ்டன் அல்லது காலிப்பருக்கு பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ். பழைய ஹோஸ் வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே சதை பெயர்ந்து அடைத்துக்கொண்டிருக்கும். மிதிக்கிற வேகத்தில் ஆயில் உள்ளே போய்விடும், திரும்பி வர வழி இருக்காது.

பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே கை விடாதீர்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். எஞ்சின் ஓடும்போது ஒருவர் பெடலை நாலைந்து முறை அழுத்தி மிதித்து, விட்டு, எஞ்சினை நிறுத்தட்டும். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பிளீடர் நிப்பிளை (காலிப்பரில் காற்று எடுக்கும் சிறு திருகு) கொஞ்சம் திறங்கள். ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் பிரஷர் உள்ளே மாட்டியிருக்கிறது. திறந்தும் இறுக்கமாகவே இருந்தால் பிஸ்டன். அப்போது உங்கள் மெக்கானிக் சொன்னது சரி, அவர் சொன்ன காரணம் மட்டும்தான் தப்பு.

டிரம் ஷூ வேறு கதை. ஷூக்களின் ஒரு முனை அசையாத நங்கூரத்தில் நிற்கும் வகை என்றால், முன் ஷூவை டிரம்மின் சுழற்சியே உள்ளே இழுத்து அழுத்தும். அது சீக்கிரம் தேய்வது இயல்பு. விட்டுவிடுங்கள்.

லோடு வண்டி:
நடுவில் வருகிறேன். பிக்கப்பில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு லோடு சென்சிங் வால்வு (சுமைக்கு ஏற்ப பின் பிரேக் அழுத்தத்தை மாற்றுவது) இருக்கிறதா பாருங்கள். அது துருப்பிடித்து நின்றாலோ, ஸ்பிரிங் பட்டை மாற்றி வண்டி உயர்ந்திருந்தாலோ, பின் பிரேக்குக்கு அழுத்தம் குறையலாம், பிரேக் வேலை முன்னால் வந்து விழும்.

பழைய ஸ்பேனர்:
உண்மைதான். ஆனால் அப்படியானால் முன்னால் இரண்டு பக்கமும் சேர்ந்து தேயும். இங்கே ஒரு பக்கம்தானே.

மண்ரோடு:
பார்த்துவிட்டேன். இரண்டு ஸ்லைடு பின்னும் விரலால் தள்ளினாலே நகர்கின்றன. மிதித்துவிட்டு சுற்றினால் சக்கரம் இறுகி நின்றது. நிப்பிளைத் திறந்ததும் ஆயில் தெறித்து, தாராளமாகச் சுற்றியது. ஹோஸேதான் என்று முடிவு கட்டலாமா? சேசிஸில் அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வி துருவில் உப்பியிருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
அந்தக் கவ்விதான் ஆள்! துரு உள்பக்கமாக வீங்கி ஹோஸின் கழுத்தை நெரித்திருக்கும். உறுதி செய்ய, இன்னொரு முறை மிதித்துவிட்டு, நிப்பிளைத் தொடாமல் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் நட்டைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடாமல், நிப்பிளில் மட்டும் விடுபட்டால் ஹோஸேதான்.

மாற்றும்போது இரண்டு பக்க ஹோஸையும் மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது. செம்பு வாஷர் புதிதாகப் போடுங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் எங்கேயும் உரசவில்லையே என்று பாருங்கள். இவ்வளவு சூடு தின்ற காலிப்பரின் ரப்பர் பூட் கிழிந்திருந்தாலோ, பிஸ்டன் உள்ளே போக முரண்டு பிடித்தாலோ அதற்கும் வேலை உண்டு; இல்லையென்றால் பழையதே ஓடும். டிஸ்கின் குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும், அளந்துவிடுங்கள். ஸ்லைடு பின்னுக்கு, பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் மட்டும். சாதா கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். பேடை இரண்டு பக்கமும் செட்டாக மாற்றி, காற்று எடுத்து, பெடல் கெட்டியான பிறகு வண்டியை நகர்த்துங்கள்.