4 ஆண்டெனாவில் 4 பேரைச் சேர்த்தால் மொத்த வேகம் குறைகிறது, ஏன்?

முதுகலை_மாணவி:
வணக்கம். ப்ராஜெக்ட்டுக்காக ஒரு செல்லின் டவுன்லிங்க்கை (டவரிலிருந்து ஃபோனுக்கு வரும் சிக்னல்) பைத்தானில் சிமுலேட் செய்கிறேன். டவரில் 4 ஆண்டெனா, செல்லுக்குள் 40 பயனர்கள், ஆளுக்கு ஓர் ஆண்டெனா. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் (அனுப்புவதற்கான சிறு நேரத் துண்டு) சேனல், அதாவது டவருக்கும் ஃபோனுக்கும் இடையிலான சிக்னல் பாதை, வலுவாக உள்ள 4 பேரை எடுத்து, ஒருவர் சிக்னல் மற்றவர்மேல் விழாதபடி ஸீரோ ஃபோர்ஸிங் செய்கிறேன். பல ஸ்லாட்களில், அவர்களில் 2 பேருக்கு மட்டும் அனுப்பினால் வரும் வேகம்கூட வருவதில்லை. எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்தால் விடை கிடைக்கிறது, ஆனால் 1 பேர் முதல் 4 பேர் வரை 1,02,090 சேர்க்கைகள். 5ஜி-யில் சப்கேரியர் (துணை அலை) இடைவெளி 30 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஸ்லாட்டே அரை மில்லி செகண்ட்தான். வேறு வழி உண்டா?

அலைக்கம்பம்:
வலுவை மட்டும் பார்த்து ஆள் எடுப்பதுதான் சிக்கல். டவரிலிருந்து ஒரே திசையில் இருக்கும் இருவரின் சேனல் வெக்டர்கள் (ஒவ்வோர் ஆண்டெனாவிலிருந்தும் அவருக்குள்ள சேனலைச் சொல்லும் எண்களின் வரிசை) கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ஒருவருக்கான சிக்னல் மற்றவர்மேல் விழாமல் தடுப்பதற்கே பவர் கரைந்துவிடும். இருவர் மட்டும் என்றால் கணக்கு எளிது. வெக்டர்களை அவற்றின் நீளத்தால் வகுத்து இன்னர் ப்ராடக்ட்டின் அளவை எடுங்கள், அது ரோ, இருவரின் சேனல் எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதன் அளவு. ஆளுக்கு மிஞ்சும் பவரின் பங்கு 1 − ரோ². ரோ 0.3 என்றால் 0.91 மிஞ்சும், பரவாயில்லை. 0.9 என்றால் 0.19தான், 7 டெசிபெலுக்கு மேல் போய்விட்டது.

நம்பையில் (பைத்தானின் கணக்கு நூலகம்) இதற்கு டாட் வேண்டாம், வி-டாட் போடுங்கள். டாட் கலப்பெண்ணின் இணையை எடுக்காது, ரோ தப்பாக வரும்.

யூ, கோல்ட்ஸ்மித் இருவரும் 2006-ல் வெளியிட்ட எஸ்யுஎஸ் முறையைப் பாருங்கள், ஏறக்குறையச் செங்குத்தான சேனல் உள்ள பயனர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அது. முதலில் வலுவானவர். அவரோடு ஒப்புமை (ரோ) ஆல்ஃபா என்ற வரம்பைத் தாண்டுபவர்களை நீக்கிவிட்டு, மீதிப் பேரில் தேர்வானவர்களுக்குச் செங்குத்தான பகுதி யாருக்குப் பெரிதோ அவரை எடுக்க வேண்டும். அப்புறம் அதையே திரும்பச் செய்ய வேண்டும்.

முதுகலை_மாணவி:
நன்றி அண்ணா. வி-டாட்தான் போட்டிருக்கிறேன். ஒரே திசைச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் ஆல்ஃபா 0.3 வைத்தால் பல ஸ்லாட்களில் மூன்றாவது ஆளோடு பட்டியல் காலி. அடுத்து 8 ஆண்டெனா வைத்து, ஆர்எஃப் செயின் (ஆண்டெனாவுக்கு சிக்னல் தரும் சர்க்யூட்) 4 மட்டும் கொடுக்கப் போகிறேன். 8-ல் 4 ஆண்டெனாவை 70 விதமாக எடுக்கலாமே, அதையும் சேர்த்தால்?

பேஸ்பேண்ட்_பழசு:
ஆல்ஃபாவுக்கு நிலையான மதிப்பு கிடையாது. பயனர்கள் குறைந்தால் அதைத் தளர்த்த வேண்டும். 40 பேர்தானே, நான் என்றால் ஆல்ஃபாவையே விட்டுவிடுவேன். மீதமுள்ள ஒவ்வொருவரையும் சேர்த்துப் பார்த்து, மொத்த வேகத்தை அதிகம் ஏற்றுபவரை எடுங்கள், யாரைச் சேர்த்தாலும் இறங்கினால் நிறுத்துங்கள். அதிகபட்சம் 40+39+38+37, அதாவது 154 கணக்குகள்.

ஆண்டெனாவில்தான் கவனம் வேண்டும். 8 ஆண்டெனாவில் செங்குத்தாகத் தெரிந்த இருவர் 4-ல் அப்படியே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. 8-ஐயும் வைத்து 4 பேர் வரை தேர்ந்தெடுங்கள். எதை நீக்கினால் இழப்பு குறைவோ அந்த ஆண்டெனாவை ஒவ்வொன்றாகக் கழியுங்கள், 26 கணக்குகள். மீதி 4 ஆண்டெனாவோடு ஆள் தேர்வை மறுபடி ஓட்டுங்கள். எல்லாம் சேர்த்து 334. முழுத் தேடல் என்றால் 71 லட்சத்தைத் தாண்டும். இதுவே உச்ச விடை என்று உறுதி தர முடியாது, அதனால் சில ஸ்லாட்களில் முழுத் தேடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, மொத்த வேகத்தை மட்டும் பார்த்தால் செல் ஓரத்தில் இருப்பவருக்கு ஸ்லாட்டே கிடைக்காது. ஒவ்வொருவர் வேகத்தையும் அவருக்கு இதுவரை கிடைத்த சராசரியால் வகுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.